கலர் அடிக்கும் முன் கும்பிடுபூச்சியைப் பார்த்துவிடுங்கள்: இராமநாதபுரக் கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகளுக்கு விற்கும் கலரிங் புத்தகங்களில் கும்பிடுபூச்சி எப்போதும் கிளிப்பச்சைதான். கூப்பிய கை, சிரித்த வாய், பின்னால் ஒரு பூ. இராமநாதபுரம் கடலோரத்தில் அந்தக் கிளிப்பச்சையோடு ஒரு பூச்சி வெயில் காலத்து வேலியில் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் கரிச்சான் கொத்திக்கொண்டு போய்விடும். இங்கே மணல் வெளுத்த மஞ்சள். வேலி காய்ந்த பனையோலை. மழை பெய்து ஓய்ந்த சில மாதங்கள் தவிர புல்லும் வைக்கோல் நிறம். பூச்சியும் உட்காரும் இடத்தின் நிறத்தைத்தான் போர்த்திக்கொண்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை வேறு: முதலில் பார்ப்பது, அப்புறம் வரைவது, கலர் டப்பாவைத் திறப்பது கடைசியில்.

ஐந்து வயது முதல் பத்துப் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளையும், பூச்சி என்றாலே ஒரு அடி தள்ளி நிற்கும் பெரியவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை கொஞ்சம் வேண்டும்.

கிளம்பும் முன்

எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு கோடில்லாத நோட்டு, பென்சில், கலர் பென்சில், சின்ன லென்ஸ் ஒன்று (இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்), தண்ணீர் பாட்டில், தொப்பி. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். ஏன் என்று கலர் பகுதியில் சொல்கிறேன். பூச்சி பிடிக்கும் வலையும் வேண்டாம். வலை கையில் இருந்தால் பிள்ளை பூச்சியைப் பார்க்காது, வலையைத்தான் வீசும்.

காலில் செருப்பு போதாது, ஷூ போட்டுவிடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். இன்னொரு காரணம் சுருட்டை விரியன். வறண்ட புதர்க்காட்டில் காய்ந்த சருகு நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் பாம்பு அது. கல்லைப் புரட்டுவது, ஓலைக் குவியலில் கை விடுவது, புதருக்குள் நுழைவது மூன்றுக்கும் தடை என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கும்பிடுபூச்சியைப் பார்க்கப் புதருக்குள் போக வேண்டிய தேவையும் இல்லை. அது பெரும்பாலும் கண்மட்டத்திலோ இடுப்பு உயரத்திலோ கொப்பின் ஓரத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அதன் சாப்பாடு அங்கேதான் வந்து போகும்.

எப்போது, எங்கே

நம் பக்கம் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்துவிட்டால் தரையெல்லாம் பூண்டும் புல்லும் முளைக்கும். பின்னாலேயே வெட்டுக்கிளியும் ஈயும் அந்துப்பூச்சியும் பெருகும். அவற்றைத் தின்னக் கும்பிடுபூச்சிகள் வரும். மழை விட்ட மார்கழி, தையில் தேடுவது சுலபம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வாரி அடிக்கும்போது கொப்பே நிற்காது, பூச்சியை எங்கே பார்ப்பது? அந்த மாதங்களில் முட்டைக்கூடு தேடலாம், அதைப் பிறகு பார்ப்போம்.

நேரம், காலை வெயில் ஏறும் முன். ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளுக்கும் சரிப்படாது, பூச்சியும் இலைக்கு அடியில் போய்விடும். இன்னொரு நேரம் இரவு. வாசல் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு மழை ஓய்ந்த ஒரு ராத்திரி காத்திருங்கள். இறக்கை முளைத்த ஆண்பூச்சிகள் வெளிச்சத்துக்குப் பறந்து வரும். சுவரில் பல்லிகள் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருக்கும் என்பதால் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய காட்சியே.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி முனைக்கோ, அரியமான் கடற்கரை மணலுக்கோ இதற்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வெறும் மணலில் அதற்கு வேலை இல்லை. அலை ஓரத்தை விட்டு, அடப்பங்கொடி படர்ந்த மேட்டையும் தாண்டி, புதரும் மரமும் தொடங்கும் இடம்தான் கணக்கு. குடை விரித்த மாதிரி நிற்கும் ஒடை மரம், எருக்கஞ்செடி, ஆவாரை, நொச்சி, வீட்டுப் பின்புறத்து முருங்கை, பூவரசு, பனையோலை வேலி. மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், திருப்புல்லாணி, சாயல்குடி என்று எந்த ஊரில் இருந்தாலும் வீட்டைச் சுற்றியே இவற்றில் நாலு கிடைத்துவிடும்.

எருக்குப் பூத்திருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பூவுக்கு வண்டும் தேனீயும் வந்துகொண்டே இருக்கும். அதைக் குறிவைத்து ஒன்று பக்கத்தில் இருந்தாலும் இருக்கும்.

முண்டு மிளகாய்க் கொல்லையின் வரப்பும் நல்ல இடம்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே இராமநாதபுரம் முண்டு மிளகாய். ஆனால் மருந்தடித்து சில நாள்கூட ஆகாத கொல்லைக்குள் பிள்ளைகளை விடக் கூடாது. கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எப்படிக் கண்ணில் படும்

முதல் தடவை தேடுகிறவர்கள் பூச்சியைத் தேடுவார்கள், கிடைக்காது. தேட வேண்டியது ஆட்டத்தை. காற்றே இல்லாதபோது ஒரு இலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடினால் அது இலை இல்லை. தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் அசைவதால் தயிர்க்கடைப் பூச்சி என்றும் இதைச் சொல்வார்கள். பெருமாள் பூச்சி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த ஆட்டத்துக்கு இரண்டு உபயோகம். காற்றில் ஆடும் இலையோடு இலையாக மறைந்துகொள்ளலாம். தலையை இடம் மாற்றி மாற்றிப் பார்த்து இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளலாம்.

கண்டுபிடித்ததும் பிள்ளை கத்தும். கத்தட்டும், பூச்சி அதற்கெல்லாம் ஓடாது. நிழல் விழுந்தால்தான் நகரும். அதனால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் இருந்து ஒரு முழம் தூரத்துக்குள் மெல்ல வரச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது மட்டும். இந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

தலை. தலைகீழாக வைத்த முக்கோணம். அதன் மேல்மூலை இரண்டிலும் பெரிய கண். இரண்டுக்கும் நடுவே, மீசைக்கொம்பு முளைக்கும் இடத்தை லென்ஸில் பார்த்தால் இன்னும் மூன்று குட்டிக் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆக மொத்தம் ஐந்து. பெரியவை உருவம் பார்க்க, சின்னவை வெளிச்சம் அறிய. பிள்ளையை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நகரச் சொல்லுங்கள். தலை கூடவே திரும்பும். கழுத்தைத் திருப்பித் தன் முதுகுப் பக்கம் பார்க்க முடிகிற பூச்சி இது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அது முடியாது.

இந்த இடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றையே சொல்வார்கள். "அத்தே, அது என்னையவே முறைக்கிது!" பெரிய கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் புள்ளி உங்களையே பார்க்கும். உண்மையில் அது கருவிழி இல்லை. பெரிய கண் என்பது ஆயிரக்கணக்கான குட்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. எந்தக் குழாய்கள் உங்களுக்கு நேராக நிற்கின்றனவோ அவற்றின் அடிவரை உங்கள் பார்வை போகும், அங்கே வெளிச்சம் திரும்பி வராததால் கறுப்பாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் வேறு குழாய்கள் நேராக வரும், புள்ளியும் நகர்ந்த மாதிரி இருக்கும். இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் நிறுத்திக் கேளுங்கள். இருவரும் "என்னையத்தான் பாக்குது" என்று சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் சரி.

அந்தக் கண்ணைப் பற்றி இன்னொன்று. 2016இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கும்பிடுபூச்சிக்கு நீலமும் பச்சையுமாகக் குட்டிக் கண்ணாடி வெட்டி, தேன்மெழுகில் ஒட்டி, திரையில் பூச்சிப் படம் காட்டினார்கள். நாம் தியேட்டரில் போட்டுக்கொள்ளும் முப்பரிமாணக் கண்ணாடி மாதிரிதான். படத்துப் பூச்சி திரையை விட்டு முன்னால் வந்து நிற்பதுபோல் காட்டியதும் கும்பிடுபூச்சி அதைப் பிடிக்கக் கையை வீசியது. இரண்டு கண்ணையும் சேர்த்து ஆழத்தை அறியும் திறமை அதற்கு உண்டு என்பது அதில் உறுதியானது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நோட்டில் முதலில் வரைவது கண்ணாடி போட்ட கும்பிடுபூச்சிதான். வரையட்டும்.

அடுத்தது கை. கும்பிடுகிற கை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அது பிடிக்கிற கை. பேனாக்கத்தி மடங்குவதுபோல மடங்கி இருக்கும். உள்பக்கம் இரண்டு வரிசை முள், நுனியில் வளைந்த ஒரு கொக்கி. பக்கத்தில் ஈ வந்து உட்காரும்வரை அசையாமல் இருந்துவிட்டு, நாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் கையை நீட்டி மடக்கிவிடும். பிடித்ததைக் கொன்றுவிட்டுத் தின்னும் பழக்கம் இல்லை, அப்படியே கடித்துத் தின்னத் தொடங்கும். மனசு இளகிய பிள்ளைகள் இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தின்று முடித்ததும் முன்னங்காலை வாயில் விட்டு ஒவ்வொரு முள்ளாகச் சுத்தம் செய்யும், பூனை பாதத்தை நக்குவதுபோல. எனக்கு அது தின்பதைவிட இந்தச் சுத்தம்தான் பார்க்கப் பிடிக்கும். அவசரமே இருக்காது.

தொந்தரவு செய்தால் சில இனங்கள் இறக்கையை விரித்து, முன்னங்கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்கும். கையின் உள்பக்கத்து மஞ்சளோ கறுப்புப் புள்ளியோ அப்போது பளிச்சென்று தெரியும். மிரட்டல் அது. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதற்காகக் குச்சியால் குத்துவது கூடாது.

காதைத் தேடச் சொன்னால் தலையில் தேடுவார்கள். கிடைக்காது. காது உள்ள இனங்களில் அது ஒன்றே ஒன்று, நெஞ்சுக்கு அடியில், பின்னங்கால்கள் கிளம்பும் இடத்துக்கு நடுவே ஒரு கீறல். இரவில் பறக்கும்போது வவ்வால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத கீச்சொலியை அதில் கேட்டு, பறப்பதை விட்டுச் சட்டென்று கீழே விழுந்து தப்பிக்கும்.

இனி வரையலாம்

பூச்சிக்கு முன்னால் உட்கார்ந்தே வரைந்தால் உத்தமம். முடியாவிட்டால் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் வரையலாம். எந்தப் பிள்ளையும் முதலில் செய்வது, ஆறு காலையும் வயிற்றில் வரிசையாக நட்டுவிடுவது. அதைத் திருத்தாமல் பூச்சியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முன்னங்கால் இரண்டும் தலைக்குப் பக்கத்தில், கழுத்தின் ஆரம்பத்தில் முளைக்கும். மற்ற நாலு காலும் வெகுதூரம் தள்ளி, கழுத்து முடிந்து இறக்கை தொடங்கும் இடத்தில் முளைக்கும். நடுவில் வெறும் கழுத்து. இந்த இடைவெளியைச் சரியாக விட்டு வரைந்துவிட்டால் மீதி எப்படி வரைந்தாலும் கும்பிடுபூச்சி வந்துவிடும்.

வரிசையாகச் சொன்னால் இப்படி:

1. தலைகீழ் முக்கோணம் ஒன்று, மூலைகளை உருட்டிவிடவும். மேல்மூலைகளில் முட்டை வடிவில் கண்.

2. கீழ்மூலைக்குப் பின்னாலிருந்து நீளமாகக் கழுத்து. நாம் வழக்கமாகப் பார்க்கும் பெரிய பச்சைப் பூச்சியில் இது உடம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் போடுங்கள்.

3. கழுத்தை அடுத்து வயிறு. வளர்ந்த பூச்சி என்றால் அதை மூடிக்கொண்டு இறக்கை. குஞ்சு என்றால் இறக்கை கிடையாது. வயிற்று நுனி பல நேரம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். பார்த்தது எது என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

4. பின்னால் நாலு கால், குச்சி குச்சியாக.

5. முன்னங்காலைக் கடைசியில் வரையுங்கள். மூன்று துண்டு: கழுத்திலிருந்து இறங்கும் ஒன்று, மேலே மடங்கி ஏறும் தடித்த துண்டு, அதன்மேல் திரும்ப மடிந்து படியும் குட்டையான துண்டு. தடித்ததிலும் குட்டையிலும் முள். அதன் நுனியிலிருந்து மெல்லிய பாதம் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதை மறந்துவிடுவார்கள்.

6. மீசைக்கொம்பு இரண்டு, நூல் மாதிரி, கண்களுக்கு நடுவிலிருந்து.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு முடியாது. அவர்களுக்கு நீங்களே கோட்டுப்படம் வரைந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம். படத்தில் பூச்சியை மட்டும் வரையாமல் அது உட்கார்ந்திருந்த கொப்பு, முள், இலை எல்லாம் சேர்த்து வரையுங்கள். காரணம் அடுத்த பகுதி.

கலர்

முதலில் கொப்புக்கும் இலைக்கும் கலர் அடிக்க வேண்டும். பூச்சி கடைசியில். இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது: கலர் அடித்து முடித்த படத்தை அறையின் மறுகோடியில் மாட்டி, பூச்சி எங்கே என்று வேறொரு பிள்ளையைக் கேட்க வேண்டும். சட்டென்று கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கும்பிடுபூச்சியைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம் தேட வைத்தால் அது பிழைத்துக்கொண்டது. எந்தப் பாடமும் சொல்லாமலே பிள்ளைகள் கிளிப்பச்சையை விட்டுவிடுவார்கள்.

ஸ்கெட்ச் பேனா வேண்டாம் என்றது இதற்குத்தான். அதில் ஒரு பச்சை, ஒரு பழுப்பு, அவ்வளவே. கலர் பென்சிலில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றலாம். இனி, நம் பக்கத்துக்கு ஏற்ற நாலு கும்பிடுபூச்சிகள்.

பெரிய பச்சை. முருங்கையிலும் பூவரசிலும் பார்க்கக் கிடைப்பது, ஆள்காட்டி விரல் நீளம். மஞ்சளை முதலில் லேசாக அடித்து, அதன்மேல் இலைப்பச்சை. மடித்த இறக்கையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நீள்வட்டப் பொட்டு விட வேண்டும், அதுதான் அடையாளம். கண்ணும் உடம்பின் பச்சையே, உள்ளே கறுப்புப் புள்ளி. ஆனால் ராத்திரியில் பார்த்த பூச்சி என்றால் கண் முழுவதும் காபிக் கறுப்பு. இருட்டில் வெளிச்சத்தை அதிகம் வாங்கிக்கொள்ளக் கண்ணுக்குள் நிறமிகள் இடம் மாறுவதால் அப்படி ஆகும், விடிந்தால் பழையபடி பச்சை. பகல் படம், ராப்படம் என்று இரண்டு அடிக்கலாம்.

மரப்பட்டைப் பூச்சி. வேப்பமரத்தின் அடிமரத்தில் தேடுங்கள். தட்டையாக, கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கும், பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். மற்றவை மாதிரி நின்று போஸ் கொடுக்காது. கிட்டே போனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும், அணில் மாதிரி. இதற்கு ஒரு சுலப வழி: மெல்லிய தாளை வேப்பம்பட்டையின்மேல் வைத்துக் கறுப்பு கிரையானைப் படுக்கைவாட்டில் தேயுங்கள். பட்டையின் வரிவரியான அச்சு தாளில் விழும். அந்தத் தாளிலேயே பூச்சி வடிவத்தை வெட்டி, அதே மாதிரி இன்னொரு தாளின்மேல் ஒட்டினால் போதும். சாம்பல், கறுப்பு, கொஞ்சம் பழுப்பு.

புல் பூச்சி. மழைக்குப் பின் உயர்ந்து வளர்ந்து காய்ந்து வரும் புல்லில் ஒரு தாள் மட்டும் தடித்துத் தெரிந்தால் பாருங்கள். உடம்பு ஈர்க்குச்சி, கண் கூம்பாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே வைக்கோல் நிறத்தில், நீளவாட்டில் கோடு கோடாகப் பென்சிலை இழுத்தாலே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சரியான படம்.

நாலாவது, கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வறண்ட புதர்க்காட்டுப் பூச்சி. 1758இலேயே ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்துவிட்ட இனம், காங்கைலஸ் என்று பேரினப் பெயர். குச்சிபோல நீண்ட மெலிந்த கழுத்து மேலே போய் இலைபோல விரியும். பார்க்க வயலின் மாதிரி இருப்பதால் வெளிநாட்டில் வயலின் பூச்சி என்கிறார்கள். கால்களிலெல்லாம் காய்ந்த இலைத் துணுக்கு ஒட்டினாற்போல மடல்கள். தரையில் கிடக்கும் சருகு நாலைந்தைப் பொறுக்கி மேசையில் வைத்து, அதில் உள்ள பழுப்புகளை மட்டும் பயன்படுத்தி அடியுங்கள். விரிந்த கழுத்தின் அடிப்பக்கத்தில் லேசான ஊதா. எதிரே பறந்து வரும் பூச்சிக்கு அது பூவாகத் தெரியும் என்பார்கள்.

ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு என்பதைப் பிள்ளைகளே கவனித்துக் கேட்பார்கள். சில இனங்களில் தோலுரிக்கும்போது நிறம் மாறும். ஈரம், வெளிச்சம் இதெல்லாம் அதில் பங்கெடுக்கும். பச்சோந்தி மாதிரி உட்கார்ந்த இடத்தில் மாறாது.

முட்டைக்கூடு

பூச்சியே கிடைக்காத மாதங்களில் இதைத் தேடலாம். பனைமட்டை வேலியில், கொப்பில், சில சமயம் ஜன்னல் சட்டத்தில்கூட, காய்ந்த சோப்பு நுரை கெட்டியானது மாதிரி பழுப்பாக ஒரு கட்டி ஒட்டியிருக்கும். பெண்பூச்சி நுரையைச் சுரந்து, உள்ளே அடுக்கடுக்காக முட்டையிட்டு வைத்த கூடு அது. காற்றுபட்டதும் நுரை இறுகிவிடும். பல இனங்களில் ஒரு கூட்டுக்குள் நூறு முட்டைக்கு மேலேயே இருக்கும்.

கூட்டை லென்ஸில் பாருங்கள். நடு முதுகில் நீளவாட்டில் செதில் செதிலாக ஒரு வரிசை இருக்கும், குஞ்சுகள் அந்த வழியாகத்தான் வெளியே வரும். அப்படியில்லாமல் கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல அங்கங்கே வட்டத் துளைகள் இருந்தால் கதை வேறு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு வகைக் குளவி நுரைக்குள் தன் முட்டையை இட்டு, அதன் குஞ்சுகள் இவற்றின் முட்டையைத் தின்றுவிட்டுத் துளைபோட்டு வெளியே போயிருக்கின்றன.

கூட்டைப் பிய்க்க வேண்டாம். இருக்கும் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பொரிக்கிற அன்று கூட்டிலிருந்து குஞ்சுகள் மெல்லிய இழையில் கொத்தாகத் தொங்கும். முதல் தோலை உரித்ததும் நாலாபக்கமும் சிதறும். சில இனங்களின் குஞ்சு கறுப்பாக எறும்பு மாதிரியே இருக்கும். எறும்பைத் தின்னப் பல பறவைகள் யோசிக்கும் என்பதால் அந்த வேஷம். கூட்டுப்புழுப் பருவம் இவற்றுக்குக் கிடையாது, குஞ்சே குட்டிக் கும்பிடுபூச்சிதான். தலைகீழாகத் தொங்கித் தோலை உரித்து உரித்து வளரும், கடைசித் தோலுரிப்பில்தான் முழு இறக்கை. குஞ்சாக இருக்கும்போது கால் ஒடிந்தாலும் அடுத்தடுத்த தோலுரிப்பில் திரும்ப முளைத்துவிடும்.

ஒரு நாள் விருந்தாளி

பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கும். ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். பூச்சியைப் பிடிக்காதீர்கள், அதன் முன்னால் ஒரு குச்சியை நீட்டிப் பின்னாலிருந்து லேசாக விரலால் தொட்டால் தானே ஏறிக்கொள்ளும். இடுப்பில் பிடித்துத் தூக்கினால் கையைத் திருப்பி முள்ளால் இறுக்கும். விஷம் எதுவும் இல்லை, சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும், மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டில் கட்டுங்கள். உள்ளே வலை வரை எட்டும் குச்சி ஒன்று. கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டாம், வலையின்மேல் சில துளி தெளித்தால் அதுவே நக்கிக் குடிக்கும். சாப்பாடு உயிருள்ள ஈ. சோறு, இலை எதையும் தொடாது. ஒரு பாட்டிலில் ஒன்றுக்கு மேல் போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சாப்பிட மறுத்தால் தோலுரிக்கப் போகிறது. பாட்டிலை அசைக்காதீர்கள், உரித்து முடிந்து ஒரு நாள் கழிந்தபின் திரும்ப விடுங்கள்.

ஆணா பெண்ணா என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். அடிவயிற்றில் உள்ள வளையங்களை எண்ணச் சொல்லுங்கள்: பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. பெண்ணின் வயிறு அகலம், ஆண் மெலிவு.

இந்த இடத்தில், "பொம்பளப் பூச்சி ஆம்பளப் பூச்சியத் தின்னுருமாமே?" என்ற கேள்வி வரும், யாரோ யூடியூபில் பார்த்திருப்பார்கள். சில நேரம் தின்னும், எப்போதும் இல்லை. பசித்திருக்கும் பெண் தின்பது அதிகம். மழுப்பாமல் இவ்வளவையும் சொல்லிவிடலாம், பிள்ளைகள் நம்மைவிட நன்றாகத் தாங்கிக்கொள்வார்கள். விவசாயிக்கு நல்லதா என்றும் கேட்பார்கள். வெட்டுக்கிளியையும் தின்னும், தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் தின்னும். அதற்கு நம் கணக்கு தெரியாது. கரப்பானும் கறையானும் இதற்கு நெருங்கிய சொந்தம் என்று சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.

திரும்ப விடும்போது எடுத்த செடியிலேயே, சாயங்காலம், காற்று அடிக்காத பக்கமாகப் பார்த்து விடுங்கள். படத்தின் பின்பக்கம் பிள்ளையின் கையாலேயே நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: தேதி, ஊர், எந்தச் செடி, இறக்கை இருந்ததா இல்லையா. செடியின் பெயர் தெரியாவிட்டால் ஒரு இலையைக் காயவைத்து ஒட்டிவிட்டால் போதும், வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.